தீனித்தட்டு கடைசியில் வரட்டும்

தோட்டத்துக்குப் பறவைகள் வரவேண்டும், என்ன தானியம் வைக்கலாம் என்று யாராவது கேட்டால், தானியத்தை இப்போதைக்கு விடுங்கள், ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள் என்றுதான் சொல்வேன். இளவேனிலில் கேட்டால் இன்னும் அழுத்திச் சொல்வேன். கேட்டவர்களின் முகம் கொஞ்சம் வாடும். அழகான தீனித்தட்டு ஒன்றை வாங்கி மாட்டினால் மறுநாளே கூட்டம் கூடிவிடும் என்று நினைத்திருப்பார்கள். கூட்டம் கூடும்தான். ஆனால் வருவது பெரும்பாலும் புறாவும் காக்கையும். மற்றவை தூரத்து மரத்தில் உட்கார்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடும்.

வீட்டைச் சுற்றியுள்ள கொஞ்ச இடத்தில் பல வருடங்களாகப் பறவைகளைக் கவனித்து வருகிறேன். அதில் எனக்குப் பட்டது, இளவேனிலில் பறவைக்கு நாம் கொடுக்கும் தீனி பெரிய விஷயமே இல்லை என்பதுதான். புழு பூச்சி, தண்ணீர், மறைவு, கூடு கட்ட இடம் இவைதான் முதலில். தீனித்தட்டு வரிசையில் கடைசி.

காரணம் எளிது. குளிர்காலம் முடிந்து பகல் நீள ஆரம்பித்ததும் பறவையின் உடல் அதை உணர்ந்துகொள்கிறது. ஹார்மோன்கள் சுரக்கின்றன. ஆண் பறவை பாடத் தொடங்குகிறது, எல்லை பிடிக்கிறது, இணை தேடுகிறது. அப்புறம் கூடு, முட்டை, குஞ்சு. இதில் குஞ்சு வந்த பிறகுதான் உண்மையான நெருக்கடி. சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க விதையைக் கொறிக்கும் பறவை, ஆனால் பொரித்த குஞ்சுக்கு விதையை ஊட்டாது. புழு, வெட்டுக்கிளி, செடிப்பேன், சிலந்தி என்று மென்மையான உயிர்களைத்தான் கொண்டுபோய்க் கொடுக்கும். இரண்டு வாரத்தில் கண் திறக்காத சதைப்பிண்டம் ஒன்று இறகு முளைத்துப் பறக்கத் தயாராக வேண்டும். அதற்குப் புரதம் வேண்டும், ஈரம் வேண்டும். இரண்டும் புழுவில் இருக்கிறது.

எவ்வளவு புழு என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். அமெரிக்காவில் கரோலினா சிக்கடி என்றொரு பறவை இருக்கிறது. பத்து கிராம்தான் எடை. அது ஒரு ஈட்டுக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து வெளியேற்றுவதற்குள் 6,000 முதல் 9,000 கம்பளிப்புழுக்கள் வரை பிடித்து ஊட்டுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனையையும் கூட்டைச் சுற்றியுள்ள சிறிய வட்டத்துக்குள்தான் தேடியாக வேண்டும். தொலைவு போய்வந்தால் கட்டுப்படியாகாது. உங்கள் தோட்டத்தில் புழு இல்லையென்றால் அங்கே கூடு கட்டிப் பயனில்லை என்று பறவைக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே முதல் வேலை, பூச்சிமருந்தை நிறுத்துவது. இலையில் ஓட்டை விழுந்தால் பதறக்கூடாது. ஓட்டை விழுந்த இலைதான் பறவைத் தோட்டத்தின் அடையாளம். செடிப்பேன் மொய்த்த கிளையைப் பார்த்தால் கைவைக்காமல் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். தையல்சிட்டோ தேன்சிட்டோ கண்டுபிடித்துவிடும். தேன்சிட்டு பூவில் தேன் மட்டும்தான் குடிக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதுவும் குஞ்சுக்குச் சிலந்தியையும் பூச்சியையும்தான் ஊட்டுகிறது.

இரண்டாவது, சருகு. மரத்தடியில் விழுந்த இலையைக் கூட்டி எரிக்காமல் அப்படியே விட்டுவையுங்கள். முன்வாசலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பின்பக்கத்தில், கண் படாத மூலையில் சருகு மெத்தையாகக் கிடக்கட்டும். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று அந்த மூலைக்கு வந்தால் போதும், காலையெல்லாம் அதைப் புரட்டிப் புரட்டிப் போடும். கூட்டத்தில் ஒன்று மட்டும் மேலே கிளையில் உட்கார்ந்து காவல் காக்கும். வல்லூறு தலைகாட்டினால் அது கத்தும், அத்தனையும் புதருக்குள் போய்விடும். அந்தப் புதர் இல்லாத இடத்தில் இந்த நாடகம் நடக்காது.

செடி வைப்பதானால் உங்கள் பகுதியில் இயல்பாக வளரும் மரஞ்செடிகளைத் தேடி வையுங்கள். அந்த மண்ணின் பூச்சிகள் அந்த மண்ணின் இலையைத் தின்றுதான் பழகியவை. வெளியிலிருந்து வந்த அலங்காரச் செடி பச்சையாக, பளபளவென்று இருக்கும், ஆனால் அதில் ஒரு புழுகூட ஏறாது. உயரமும் கலந்திருக்க வேண்டும். ஒரு மரம், அதன்கீழ் புதர், அதன்கீழ் புல். புல்வெளி மட்டும் வைத்துக்கொண்டு பறவை வரவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். என் கணக்கில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தருவது இதுதான். தானியம் தின்னும் பறவைகள் சில. தண்ணீர் குடிக்காத, குளிக்காத பறவையைப் பார்ப்பது அரிது. தீனித்தட்டைத் திரும்பியும் பார்க்காத குண்டுகரிச்சான், வாலாட்டி, மரங்கொத்தி எல்லாம் தண்ணீருக்கு வரும்.

பாத்திரம் ஆழமாக இருக்கக்கூடாது. இரண்டு சென்டிமீட்டரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வரை போதும். ஓரம் ஆழமில்லாமலும் நடு சற்று ஆழமாகவும் சரிந்திருந்தால் மிக நல்லது. சிட்டுக்குருவி ஓரத்தில் நிற்கும், மைனா நடுவில் இறங்கும். பளிங்கு, எனாமல் மாதிரி வழுக்கும் பாத்திரத்தில் பறவை இறங்கத் தயங்கும். சொரசொரப்பான மண்பாத்திரம் நல்லது. ஏற்கெனவே ஆழமான தொட்டி வைத்திருப்பவர்கள் நடுவில் ஒரு தட்டைக் கல்லைப் போட்டுவிட்டால் போதும், தேனீக்கும் அதுவே படித்துறை ஆகிவிடும்.

வைக்கும் இடம் முக்கியம். புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்க வசதி. நட்டநடு வெளியில் வைத்தால் பறவைக்குப் பயம். இறகு நனைந்த பறவை சரியாகப் பறக்காது, அது அதற்கும் தெரியும். புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் இரண்டு பக்கமும் சமாளிக்கலாம். தலைக்கு மேலே ஒரு கிளை இருந்தால் குளித்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்து இறகு கோதும். அதைப் பார்க்க நாள் முழுக்க உட்காரலாம்.

தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கொசு முட்டையிட்டுப் புழுவாகிக் கொசுவாகப் பறக்க வெயில் காலத்தில் ஒரு வாரம் போதும். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்தக் கவலை இல்லை. பாசி படிந்தால் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம்.

இன்னொன்று, சொட்டும் தண்ணீர். மேலே ஒரு பழைய பாட்டிலைத் தொங்கவிட்டு, அடியில் ஊசித்துளை போட்டு, கீழே தட்டில் சொட்டுச்சொட்டாக விழ வைத்துப் பாருங்கள். தேங்கிய தண்ணீரைப் பறவை கண்ணால் பார்த்தால்தான் உண்டு. சொட்டும் சத்தம் மரத்துக்கு அந்தப் பக்கம் போகிற பறவையையும் இழுத்து வரும். வலசை போகிற வழியில் ஒரு நாள் தங்கிப்போகும் சிறு பறவைகள் பலவற்றை நான் இப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீருக்குப் பக்கத்தில் வெயில் படுகிற இடத்தில் கொஞ்சம் வெறும் மண்ணையும் விட்டுவையுங்கள். சிட்டுக்குருவி தண்ணீரில் மட்டுமல்ல, புழுதியிலும் குளிக்கும். அந்த மண்ணில் ஒரு பக்கம் ஈரமாகச் சேறாகக் கிடந்தால் தகைவிலானுக்கு உதவும். அது சேற்றை உருண்டை உருண்டையாக வாயில் கொண்டுபோய்த்தான் கிண்ணம் மாதிரிக் கூடு கட்டும். சுற்றிலும் சிமெண்டும் கல்லும் போட்டு மூடிவிட்டால் அதற்குச் சேறு எங்கே கிடைக்கும்?

கூடு கட்ட உதவுகிறேன் என்று நூல், தலைமுடி, பஞ்சு எல்லாவற்றையும் வெளியே தொங்கவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நீளமான நூலும் முடியும் குஞ்சின் காலில் சுற்றி இறுகிவிடும், கால் அழுகிப்போன பறவைகள் உண்டு. காய்ந்த புல், நார், உதிர்ந்த இறகு, மெல்லிய வேர் இவை தோட்டத்தில் கிடந்தால் தானே எடுத்துக்கொள்ளும். வெளிச்சுவரில் சிலந்தி வலை இருந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். தேன்சிட்டு அந்த இழையை வைத்துத்தான் தன் தொங்கும் கூட்டைக் கட்டுகிறது. தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைப்பதும் பெரும்பாலும் சிலந்தி இழையாலும் செடி நாராலும்தான்.

இளவேனிலில் வேலிச்செடி வெட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். கொண்டைக்குருவி நம் இடுப்பளவு உயரப் புதரில்கூடக் கூடு வைக்கும். கத்தரிக்கோலோடு போய் நிற்கும்போதுதான் தெரியும், உள்ளே மூன்று முட்டை. வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் சற்றுத் தள்ளி நின்று கால்மணி நேரம் பாருங்கள். அலகில் புல்லோ புழுவோ கவ்விக்கொண்டு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் பறவை இருந்தால் கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிடலாம். பட்ட கிளை யார் தலையிலும் விழாது என்றால் அதையும் விட்டுவையுங்கள். குக்குறுவான் துளை போடுவது அதில்தான். கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிப்பதும் அதிலிருந்துதான்.

கூட்டுப்பெட்டி வாங்குபவர்கள் அளவைக் கவனிப்பதில்லை. வாசல் துளைதான் உயிர்நாடி. சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர், பட்டாணிக்குருவி வகைக்கு 28 மில்லிமீட்டர். பெரிய துளை போட்டால் பெரிய பறவை நுழையும், வேட்டையாடியின் கையும் நுழையும். துளையின் கீழ் விளிம்புக்கும் தரைப்பலகைக்கும் நடுவே பன்னிரண்டு சென்டிமீட்டராவது இருக்கட்டும். வாசலுக்குக் கீழே குச்சி நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டிதான் கடையில் அழகாகத் தெரியும். அதை வாங்காதீர்கள். பொந்தில் வாழும் பறவைக்குக் குச்சி தேவையே இல்லை, அது வசதியாக அமைவது காக்கைக்கும் அணிலுக்கும்தான். அடியில் தண்ணீர் வடியத் துளை, இரண்டு முதல் நான்கு மீட்டர் உயரம், பிற்பகல் வெயில் நேராக அடிக்காத திசை. தகரப் பெட்டி வெயிலில் அடுப்பாகிவிடும், மரப்பலகைதான் சரி. சிட்டுக்குருவி கூட்டமாக வாழ விரும்பும் என்பதால் அதற்கு இரண்டு மூன்று பெட்டிகளைப் பக்கம்பக்கமாக மாட்டலாம். பட்டாணிக்குருவி அப்படி இல்லை, அக்கம்பக்கத்தில் இன்னொரு ஜோடி இருந்தால் சண்டைதான்.

தீனித்தட்டு வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வைப்பதானால் உப்பில்லாத, பொரிக்காத விதை மட்டும். அன்றைக்குத் தின்று முடிக்கும் அளவு. ரொட்டி வயிற்றை நிரப்பும், சத்து கிடையாது. பால் வைக்கவே கூடாது, பறவைக்குச் செரிக்காது. தட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவிக் காயவையுங்கள். இது வெறும் சுத்தப் பழக்கம் அல்ல. பிரிட்டனில் 2005க்குப் பிறகு கிரீன்ஃபின்ச் என்ற பறவை பெருமளவில் குறைந்ததற்கு டிரைக்கோமோனாசிஸ் என்ற தொற்று முக்கியக் காரணம். தீனி வைக்கும் இடங்களில் பறவைகள் நெருங்கிக் கூடுவதால் அது எளிதில் பரவுகிறது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு மந்தமாக உட்கார்ந்திருக்கும் பறவை ஒன்று கண்ணில் பட்டால் தட்டை எடுத்துவிட்டு, தண்ணீரையும் கொட்டிவிட்டு, சில வாரம் எதுவும் வைக்காதீர்கள்.

பறவையை வரவழைப்பதோடு பொறுப்பு முடிவதில்லை. வரும் பறவையைக் கொல்வது இரண்டு, கண்ணாடியும் பூனையும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடியிலிருந்து 99 கோடி வரை பறவைகள் கண்ணாடியில் மோதி இறக்கின்றன என்று 2014இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. வானளாவிய கட்டடங்கள்தான் காரணம் என்று நமக்குத் தோன்றும். அவற்றின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. மீதியெல்லாம் சாதாரண வீடுகளும் சிறு கட்டடங்களும். கண்ணாடியில் தெரியும் மரத்தை உண்மை மரம் என்று நினைத்துப் பாய்கிறது பறவை. பருந்துப் படம் ஒன்றை ஒட்டிவிட்டால் போதும் என்பது பலிக்காது, அது அந்தப் படத்தைத் தவிர்த்துப் பக்கத்தில் மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இருக்கவேண்டும். வெளியே ஒரு வலை கட்டிவிடுவது இன்னும் சுலபம். தீனியோ தண்ணீரோ ஜன்னலுக்கு அருகில் வைப்பதென்றால் ஒரு மீட்டருக்குள் வையுங்கள், கிளம்பும் வேகத்தில் பலமாக மோத இடமிருக்காது. இல்லையென்றால் பத்து மீட்டருக்கு அப்பால்.

மோதி மயங்கிக் கிடந்தால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலில் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்து வெளியே கொண்டுபோய்த் திறந்தால் பல பறவைகள் தாமாகப் பறந்துவிடும். பறக்கவில்லை என்றால் பறவை வைத்தியம் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

இளவேனிலில் இதே கண்ணாடியில் வேறொரு கூத்தும் நடக்கும். குண்டுகரிச்சானோ வாலாட்டியோ ஜன்னலையோ கார் கண்ணாடியையோ நாள்கணக்கில் கொத்திக்கொண்டே இருக்கும். பைத்தியம் பிடிக்கவில்லை. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று தன் பிம்பத்தோடு சண்டை போடுகிறது. வெளிப்பக்கமாக ஒரு துணியோ தாளோ கட்டிவிட்டால் எதிரி ஒழிந்தான்.

பூனை வளர்ப்பவர்களிடம் இதைப் பேசினால் மனத்தாங்கல் வரும், இருந்தாலும் பேசித்தான் ஆகவேண்டும். குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கும் அந்தச் சில வாரங்களாவது விடியற்காலையிலும் அந்தியிலும் பூனை வீட்டுக்குள் இருக்கட்டும். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், தீனி போட்டால் நிறுத்திவிடும் என்பது நடக்காத காரியம்.

பார்ப்பதைப் பற்றியும் கொஞ்சம். சூரியன் உதிப்பதற்கு முன்பே பாட்டு ஆரம்பித்துவிடும். இரை தேட வெளிச்சம் போதாது, காற்று அடங்கியிருக்கும், குரல் தெளிவாகப் போய்ச்சேரும். பாடுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அந்த நேரம் காதுக்கானது. கண்ணுக்கான நேரம் சூரியன் வந்த பிறகு முதல் இரண்டு மணி. பாட்டு குறையும், எல்லாம் தாழ இறங்கி இரை தேடும்.

குரல்களை மொத்தமாகக் கற்றுக்கொள்ள முயன்றால் குழம்பிப்போவீர்கள். வீட்டருகே தினமும் கேட்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தப் பறவையைக் கண்ணால் பார்க்கும்வரை விடாதீர்கள். அது பதிந்தபிறகு அடுத்தது. மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது, நல்ல துணை. ஆனால் அடுத்த பறவையின் குரலை அப்படியே கக்கும் பறவைகளிடம் அதுவும் ஏமாறும், அதனால் கண்ணால் பார்த்த பிறகே குறித்துக்கொள்கிறேன். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுக்காதீர்கள். கூட்டில் இருக்கவேண்டிய பறவை இல்லாத எதிரியைத் தேடி அலையும். நடுவே ஒரு விஷயம், குயில் கூவுகிறாள் என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூவுவது ஆண், கறுப்பாக இருப்பது. புள்ளிபோட்ட பழுப்புப் பெண் பறவை கிக்-கிக் என்று கத்திவிட்டு மறைந்துவிடும்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். பத்து மடங்கு வாங்கினால் பறவை பெரிதாகத் தெரியும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை இருக்காது. பெயர் தெரியாத பறவை என்றால் நிறத்துக்கு முன் அளவைப் பாருங்கள். சிட்டுக்குருவி, மைனா, காக்கை, இந்த மூன்றில் எதற்குப் பக்கம்? அப்புறம் அலகு. அப்புறம் வால் என்ன செய்கிறது என்பது.

கூட்டைப் பார்த்துவிட்டால் நெருங்காதீர்கள், படம் எடுக்க இலையை விலக்காதீர்கள். நாம் எங்கே எட்டிப் பார்க்கிறோம் என்பதைக் காக்கை கவனித்துக்கொண்டிருக்கும். முட்டை மட்டும் இருக்கிறது, தாயைக் காணோம் என்றாலும் பதற வேண்டியதில்லை. பல சிறு பறவைகள் நாளுக்கு ஒன்றாக முட்டையிடும். ஏறக்குறைய எல்லாம் இட்டு முடித்த பிறகே அடைகாக்க உட்காரும்.

தரையில் குஞ்சு கிடந்தால் இறகைப் பாருங்கள். உடல் முழுக்க இறகு, குட்டை வால், தத்தித் தத்திப் போகிறது என்றால் அது விழுந்த குஞ்சு அல்ல, இறங்கிய குஞ்சு. பறக்கப் பழகுகிறது. அம்மாவும் அப்பாவும் பக்கத்திலேயே இருந்து ஊட்டிக்கொண்டிருக்கும். பூனை, வண்டி ஆபத்து இருந்தால் தூக்கிப் பக்கத்துப் புதரில் வையுங்கள், அதோடு சரி. இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டைத் தேடி மெதுவாகத் திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. கூடு எட்டவில்லை, அல்லது குஞ்சுக்குக் காயம் என்றால் வனவிலங்கு மீட்பில் பழகியவர்களைக் கூப்பிடுங்கள். வீட்டில் வைத்து வளர்க்க முயலாதீர்கள், பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். அவர்கள் வரும்வரை அட்டைப்பெட்டி, மெல்லிய துணி, இளஞ்சூடு, இருட்டு போதும்.